மூணாறின் கிழக்கு வாசல்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில் கொட்டகுடி என்றொரு ஊராட்சி இருக்கிறது. மலையடிவாரத்தில் குரங்கணி, பாதி ஏற்றத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் டாப் ஸ்டேஷன் எல்லாம் அதற்குள் அடக்கம். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நடந்து ஏறினால் அரைநாள் பாடு. வண்டியில்தான் போவேன் என்றால் போடிக்குத் திரும்பி வந்து, போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கேரளத்துக்குள் பூப்பாறை வழியாக மூணாறு போய், அங்கிருந்து மறுபடி கிழக்கே 32 கிலோமீட்டர் வர வேண்டும். ஒரே ஊராட்சியின் கீழ்முனையிலிருந்து மேல்முனைக்குப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் அண்டை மாநிலத்தைச் சுற்றி வரும் விசித்திரம் இது. இன்னொரு விசித்திரம் அந்தப் பெயர்களில் இருக்கிறது. குரங்கணிச் சரிவில் எந்தக் காலத்திலும் ரயில் ஓடியதில்லை. ஆனாலும் உச்சி டாப் ஸ்டேஷன், நடு சென்ட்ரல் ஸ்டேஷன், கொட்டகுடிக்குப் பழைய பெயர் பாட்டம் ஸ்டேஷன்.

இந்தச் சரிவில் ஏறும் ஒற்றையடிப் பாதை இன்று மலையேற்றக்காரர்களுக்கான பாதையாகவே அறியப்படுகிறது. சோலைக்காடு, புல்வெளி, உச்சியில் மேகம், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி என்று அதன் அழகைச் சொல்பவர்கள், வெள்ளைக்காரர்கள் இங்கே ரோப்வே போட்டு தேயிலை இறக்கினார்கள் என்பதையும் சுவையான துணுக்காகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தத் துணுக்குதான் விஷயத்தின் மையம் என்பது என் கருத்து. இந்தப் பாதை வேடிக்கை பார்க்கப் போட்ட வழியும் அல்ல, காட்டுக்குள் தானாக விழுந்த தடமும் அல்ல. இன்று கேரளத்தின் மலைநகரமாக நாம் நினைக்கும் மூணாறு உருவான காலத்தில், அதன் தலைவாசல் கிழக்கே, கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தே இருந்தது. ஒரு வெள்ளமும் ஒரு சாலையும் ஒரு துறைமுகமும் சேர்ந்து அந்த வாசலைச் சாத்தின. பின்னால் வந்த மாநில எல்லை அதற்குத் தாழ் போட்டது. குரங்கணிப் பாதை அந்தப் பழைய வாசலின் படிக்கட்டு.

முதல் சாட்சி நிலம். இந்தப் பக்கத்து மக்கள் மலைமுகட்டைக் கடக்கும் இடத்தை ‘மெட்டு’ என்பார்கள். போடிமெட்டு, தேவாரம் மெட்டு, கம்பம்மெட்டு என்று பள்ளத்தாக்கின் மேற்குச் சுவர் நெடுக மெட்டுகள். சுவரில் ஏறும் இடத்துக்கெல்லாம் தனிப்பெயர் இருப்பதே, அதைச் சுவராக யாரும் நினைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு பக்கங்களும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. மூணாற்றிலிருந்து மேற்கே கடற்கரைச் சமவெளிக்குப் போக, மலைக்குப் பின் மலையாக, ஆற்றுக்குப் பின் ஆறாக, நெடுந்தூரம் இறங்க வேண்டும். கிழக்கே ஒரே செங்குத்துச் சரிவு. அதன் காலடியில் வண்டி ஓடும் சமவெளி. மேற்குச் சரிவு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையில் ஊறிக்கிடக்கும். கிழக்கே மழைமறைவுப் பிரதேசமான போடி அதே மாதங்களில் சாரலும் காற்றுமாக இருக்கும். மாட்டுவண்டிச் சக்கரம் சேற்றில் புதையாது. முழங்கால் நோகும் ஏற்றம்தான். ஆனால் ஒரு பகலில் முடிந்துவிடும். சுமை தூக்குகிறவனுக்கு வழியின் அழகைவிட அதன் நீளமும் ஈரமும்தான் கணக்கு.

இரண்டாவது சாட்சி, இந்த மலைகளில் வாழும் முதுவர்களின் வாய்வழி வரலாறு. மதுரையை விட்டு வெளியேறி, குழந்தைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் முதுவர் என்று பெயர் வந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். கொட்டகுடி ஊராட்சியிலேயே முதுவாக்குடி என்று ஒரு குடியிருப்பு உண்டு. மலையின் மேற்பகுதிக்கு உரிமை கொண்டாடிய பூஞ்சாறு அரச குடும்பமும், தாங்கள் மதுரைப் பாண்டியர் வழியினர், கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மேற்கே போனவர்கள் என்றே சொல்லிக்கொண்டது. இவையெல்லாம் கதைகள், ஆவணங்கள் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஒரு குடி எந்த ஆண்டில், யாருக்கு அஞ்சி, எத்தனை பேராகக் கிளம்பியது என்று நிறுவ இந்தக் கதைகளால் முடியாது. பெயருக்குச் சொல்லும் காரணமும் பின்னாளில் கோத்ததாக இருக்கலாம். ஆனால் நான் இவற்றிடம் கேட்பது ஆண்டுக்கணக்கை அல்ல, திசையை. மலையில் வாழும் குடியும், மலைக்கு உரிமை கொண்டாடிய அரசகுலமும் வெவ்வேறு காரணங்களுக்காகச் சொல்லும் கதைகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. முதுவர்களின் பேச்சில் தமிழ் ஆழமாகக் கலந்திருப்பதும் அந்தத் திசையோடு ஒத்துப்போகிறது.

கதையிலிருந்து ஆவணத்துக்கு வந்தால் 1877. அந்த ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி, பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய், முன்பணம் 5,000 ரூபாய். மலைக்குப் பெயர் தந்த கண்ணன் தேவன் ஒரு முதுவர் தலைவர் என்பது மரபு. பிறகு காப்பி, சின்கோனா, ஏலம் என்று பலதையும் போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. ஒப்பந்தம் திருவிதாங்கூரின் மண்ணைப் பற்றியது. காட்டை வெட்டிய கைகளும் கொழுந்து கிள்ளிய விரல்களும் பெரும்பாலும் கிழக்கேயிருந்து போனவை. கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் தென்தமிழ்நாட்டு ஊர்களில் ஆள் பிடித்தார்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். இந்த உறவு எவ்வளவு நீண்டது என்பதற்கு அண்மைக்காலத் துயரம் ஒன்றே போதும். 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியபோது, மாண்ட எழுபது பேரில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. தலைமுறைகள் கடந்தும் சொந்த ஊர் என்ற சொல் கிழக்கையே குறித்தது.

ஆள் ஏறிய வழியிலேயே சரக்கும் இறங்கியது. 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பின்னாளில் பாட்டியாலா சமஸ்தானத்திலும் போடப்பட்ட ஈவிங் முறை அது. வண்டியின் எடையைத் தாங்கும் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் உருளும், பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையின் மேல் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும், இழுப்பது மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் ஓடும் சிறு ரயிலைக் கொண்டுவந்தார்கள். மூணாற்று எஸ்டேட்டுகளின் தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறி மலைமுகட்டுக்கு வந்தன. அங்கே ரயில் நின்றுவிடும். அதற்கப்பால் மலை செங்குத்தாக விழுகிறது. அதனால் டாப் ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு அந்தரத்தில் கம்பிவடம் கட்டி, பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். பாரத்தோடு இறங்குவதன் எடையே ஏறிவரும் பாரத்தை இழுக்கக் கைகொடுக்கும் என்பது இத்தகைய வடப்பாதைகளின் பொதுக்கணக்கு. இறங்கியது தேயிலை, ஏறியது அரிசியும் எஸ்டேட்டுக்கு வேண்டிய சாமான்களும். நெல் விளையாத மலையில் ஆயிரக்கணக்கானோர் உலை வைக்க, கீழே கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைந்தது. கொட்டகுடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடி. பிறகு ரயில், கப்பல், இங்கிலாந்து.

இந்த ஏற்பாட்டில் ரயில் போன திசையைக் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனி தன் முதலைப் போட்டு ரயில் பாதை போடும்போது, எந்தப் பக்கம் சந்தை இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் போடும். மூணாறு ரயில் மேற்கே ஓரடிகூடப் போகவில்லை. கிழக்கே முகட்டு விளிம்புவரை வந்து, அங்கிருந்து கயிற்றைப் போடியை நோக்கி வீசியது. இதே பள்ளத்தாக்கின் தென்கோடியில், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இதேபோல் ஒன்று நடந்திருந்தது. பென்னிகுவிக் தலைமையில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாறு அணை திருவிதாங்கூர் எல்லைக்குள் இருக்கிறது. அதைக் கட்ட வேண்டிய பொருள்களோ கூடலூர்ப் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் ஏறின. அங்கேயும் மலைச்சரிவில் கம்பிவடம் கட்டித் தேக்கடிக்குச் சாமான் ஏற்றினார்கள். இங்கே தேயிலை இறங்கியது, அங்கே தண்ணீர் இறங்கியது. இரண்டுக்கும் ஏணி சாத்திய இடம் கம்பம் பள்ளத்தாக்கு.

மேற்கேயும் வழி இருந்ததே என்று கேரள வரலாறு அறிந்தவர்கள் கேட்பார்கள். இருந்தது. ஆலுவாயிலிருந்து பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறு வந்த பழைய பாதையை மறைத்துவிட்டு நான் சொல்வதை நிறுவ முடியாது. ஆனால் ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் இருக்கும்போது, எது தலைவாசல், எது கொல்லை என்பதை எதன் வழியாக வரவு செலவு நடக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தேயிலை என்ற ஒரே பெரிய வரும்படியும், அதை உண்டாக்கிய தொழிலாளர் கூட்டமும் கிழக்கு வாசலையே புழங்கின. மேற்கு தலைவாசலானது பிற்பாடு. அதற்கு நாள் குறித்தது 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று மலையாளிகள் இன்றும் சொல்லும் பெருவெள்ளம், மூணாறு ரயிலை வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. மேற்கே ஆலுவாய்ப் பாதையின் மலைகளும் சரிந்தன. ஆக, வெள்ளம் இரண்டு வாசல்களையும் இடித்தது. வரலாற்றை முடிவு செய்தது வெள்ளத்துக்குப் பின் எதை எடுத்துக் கட்டினார்கள் என்பதுதான்.

ரயிலை மறுபடி போடவில்லை. மேற்கே திருவிதாங்கூர் அரசு பழைய பாதையைக் கைவிட்டு, நேரியமங்கலம் வழியாகப் புதுத்தடம் போட்டது. பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் வளைவுப் பாலம் 1935-இல் திறந்தது. அதற்குள் கொச்சியும் மாறியிருந்தது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ மணல்திட்டை வெட்டித் திறந்த உள்துறைமுகத்துக்குள் 1928-இல் பெரிய கப்பல் நுழைந்தது. அதே 1928-இல்தான் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்து சேர்ந்தது. மலையிலிருந்து சரக்கு கொட்டிய காலமெல்லாம் போடிக்கு ரயில் இல்லை. பெட்டிகள் மதுரை–திண்டுக்கல் தடத்தைத் தொட இன்னும் நெடுந்தூரம் வண்டியில் போக வேண்டியிருந்தது. கடைசியில் ரயில் வந்தபோது, அதற்கு மேலேயிருந்து சரக்கு தந்திருக்க வேண்டிய மூணாறு ரயில் அழிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நேரம் தவறி வந்த அந்தப் போடி ரயிலின் தண்டவாளங்களை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெயர்த்தெடுத்துப் போனார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். இப்படி ஒரு பக்கம் அரசு, சாலை, துறைமுகம் மூன்றும் கூடிவந்தன. மறுபக்கம் ஒன்று வரும்போது மற்றொன்று இல்லை. கிழக்கு வாசல் தோற்றது மலையின் குணத்தால் அல்ல, கால ஒழுங்கின் கோளாற்றால்.

இங்கே இன்னொரு ஐயம் எழும். மூணாறு கிழக்கு நோக்கியிருந்தது என்பது 1956 மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைக் கேட்டு எழுந்த பழைய கோரிக்கைக்குப் புதுச்சட்டை போடுவதாகாதா? ஆகாது என்று நினைக்கிறேன். சரக்குப் போன திசை வேறு, எல்லைக்கோடு வேறு. மலை யாருக்குச் சொந்தம் என்பதை மாட்டுவண்டித் தடத்தை வைத்துத் தீர்க்க முடியாது; தீர்க்கவும் கூடாது. கிழக்கு வாசலைத் திறந்தவர்களை மொழிப்பற்று இயக்கவில்லை. கம்பெனிக்குக் கணக்கு, கங்காணிக்குத் தரகு, கூலிக்காரருக்குப் பசி. எல்லை வந்த பிறகும் அந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடவில்லை. இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காய் இன்றும் ஏலத்துக்காகப் போடிக்கு இறங்குகிறது. கம்பம், தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடியும் முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் ஏறுகின்றன, அந்தியில் இறங்குகின்றன. கிழக்கும் மேற்கும் ஒரே பொருளாதாரம் என்பதற்கு அந்த ஜீப்புகளைவிட வேறு கல்வெட்டு வேண்டியதில்லை.

கம்பிவடத்தின் கதையை மட்டும் சொன்னால் போதாதா, அதன் கீழே இருந்த நடைபாதைக்கு என்ன தனிச்சிறப்பு என்றும் கேட்கலாம். கம்பிவடம் ஒரு நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, தன் வேலை தீர்ந்ததும் போய்விட்டது. தேயிலைப் பெட்டி கம்பியில் இறங்கிய நாட்களிலும் மனிதர்கள் காலால்தான் ஏறினார்கள். கம்பி வருவதற்கு முன்பு இருந்ததும், அது அறுந்த பின்பு மிஞ்சியதும் பாதைதான். போடி மலைக் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் பொதி இன்றும் குதிரை, கோவேறு கழுதையின் முதுகில்தான் ஏறுகிறது; காப்பியும் மிளகும் அப்படியே இறங்குகின்றன; தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அந்த முதுகுகளில்தான் மலையேறுகிறது. கம்பிவடத்துக்குக் கம்பெனியின் ஆவணம் இருக்கிறது. பாதைக்கு, தேய்ந்த கல்லும் சுமை தூக்கியவர்கள் இளைப்பாறிய திருப்பங்களும்தான் ஆவணம். ஆவணம் உள்ளவற்றை மட்டும் வரலாறு என்று எழுதினால், எஸ்டேட்டில் எஞ்சுவது துரையின் பங்களா மட்டுமே.

பாதையின் பூர்வீகத்தை மறந்தால் கெடுவது வரலாறு மட்டுமல்ல. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024-இல் தமிழக வனத்துறை நாற்பது பாதைகளை வழிகாட்டிகளோடும் முன்பதிவோடும் திறந்தபோது குரங்கணி–சாம்பலாறும் அதில் இடம்பெற்றது. விதிகள் தேவை, அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மழைமறைவுச் சரிவில் மாசி, பங்குனியில் புல் எப்படிக் காய்ந்து நிற்கும், காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்தப் பாதையில் பொதி ஓட்டியவர்களுக்குத் தொழிலறிவு. பாதையைக் காட்சிப்பொருளாக மட்டும் அறிந்து வருகிறவருக்கு அது மஞ்சள் புல்வெளி. உழைப்பவர்களின் வழி என்று ஒரு பாதையை அறிந்துகொள்வது, அதில் எப்போது நடக்கக் கூடாது என்பதையும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதுதான்.

கடைசியாக, என் வாதத்தையே திருப்பிப் பிடிக்கும் கேள்வி ஒன்று உண்டு. இது பழைய வணிக வழி என்றால், தார்ச்சாலை போட்டுவிடலாமே? குரங்கணியையும் டாப் ஸ்டேஷனையும் சாலையால் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை போடிப் பக்கத்தில் நெடுநாளாக இருப்பதுதான். நூறு கிலோமீட்டர் சுற்றுகிறவர்களின் ஆதங்கத்தை அலட்சியப்படுத்த முடியாது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களிடம் சோலைக்காட்டின் பெருமையைப் பேசுவதும் நியாயமில்லை. ஆனால் பழைய வழி என்பதால் சாலை போடலாம் என்ற தர்க்கத்துக்கு வரலாறு துணை நிற்காது. டாப் ஸ்டேஷன்வரை ரயில் கொண்டுவந்த கம்பெனி, விளிம்புக்கு வந்ததும் மலையை வெட்டாமல் அந்தரத்தில் கம்பி கட்டியது. காட்டின் மீது கொண்ட கருணையால் அல்ல. அந்தச் சரிவை வெட்டுவது கட்டுப்படியாகாது என்ற கணக்கால். நூறாண்டு கழித்தும் அந்தக் கணக்கைப் புறக்கணிக்க முடியவில்லை. கொட்டகுடி ஆறு இந்த மலையில்தான் பிறந்து, போடிக்குக் குடிநீர் தந்து, வைகைக்குப் போகிறது. சரிவைக் குடைந்தால் முதலில் கலங்கப்போவது அந்தத் தண்ணீர். மலைக் குடியிருப்புகளுக்கு வேண்டிய வசதியை எப்படித் தருவது என்று யோசிக்கும்போது, நம் முன்னே இருக்கும் ஒரே உள்ளூர் முன்னுதாரணம் கம்பிவடம்தான் என்பதையாவது நினைவில் வைக்கலாம்.

டாப் ஸ்டேஷன் காட்சிமுனைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் மூணாற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்துத்தான் நிற்கிறார்கள். மேகம் விலகினால் கீழே கொட்டகுடிப் பள்ளத்தாக்கு. கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். பார்வைக்கு வசதியான இடம் என்று யாரோ தேர்ந்தெடுத்து வைத்த முனை அல்ல அது. தண்டவாளம் முடிந்து கம்பி தொடங்கிய விளிம்பு. அங்கே நின்று அதே திசையைப் பார்த்தவர்கள் முன்பும் இருந்தார்கள். அவர்கள் பார்த்தது அரிசி ஏறிவருகிறதா என்று.